‘எப்போ சார் ஆடலாம்?’: விளையாட்டு வீரர்களின் முட்டி டாக்டர் ஆக நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு

ஓ.பி.யில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு நாலு பேராவது இதைக் கேட்பார்கள். ஸ்கேன் கவரை நான் பிரிப்பதற்கு முன்பே கேட்பவர்களும் உண்டு. “எப்போ சார் ஆடலாம்?”

விளையாட்டு வீரர்களுக்கு முட்டி ஆபரேஷன் செய்யும் தொழில் என்பது கடைசியில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் தொழில்தான். ஸ்கோப், அதாவது முட்டிக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய், அதைப் பிடிக்க நாலைந்து வருஷத்தில் பழகிவிடலாம். இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதையும் ஒரு பையனின் முட்டியைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் தீப்பெட்டி, கடலைமிட்டாய், அடுத்தது ஹாக்கி. நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போட்ட கூட்டத்தில் ஒருவன். ஆனால் எவன் எப்படித் திரும்புகிறான், எவன் கால் ஊன்றும்போது முட்டி உள்ளே மடங்குகிறது என்று வெளியே நிற்பவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தப் பழக்கம் இன்றைக்கும் சோறு போடுகிறது.

வயசுக் கணக்கு

நீட் எழுதி எம்.பி.பி.எஸ். சேர்ந்தால் நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். மறுபடி நீட் பி.ஜி. பிறகு எலும்பு மருத்துவத்தில் எம்.எஸ். ஆர்த்தோவோ அதற்குச் சமமான டி.என்.பி.யோ மூன்று வருஷம். எங்கேயும் வருஷம் விடாமல் வந்தாலே இருபத்தேழு, இருபத்தெட்டு ஆகிவிடும். அதற்கு மேல் ஃபெலோஷிப் என்கிற தனிப் பயிற்சி. தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்.என்.பி. ஸ்போர்ட்ஸ் மெடிசின் இரண்டு வருஷம். தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆறு மாதத்துக்கும் ஒரு வருஷத்துக்கும் ஃபெலோஷிப்புகள் இருக்கின்றன. உன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓர் ஆட்டக்காரன் வாசலில் வந்து நிற்கும்போது உனக்கு முப்பத்தைந்து ஆகியிருக்கும். வீட்டில் இதை இப்போதே சொல்லிவிடு. கல்யாணப் பேச்சு நடக்கும்போது சொன்னால் ஏமாற்றியது மாதிரி ஆகிவிடும்.

பி.ஜி. படிக்கும்போது முட்டி முட்டி என்று அலையாதே. விபத்துக் கேஸ்களில் கை நன்றாக ஓடட்டும். நாலுவழிச் சாலை தினமும் அனுப்பிவைக்கும் உடைந்த தொடை, நொறுங்கிய கெண்டைக்கால், இவைதான் பாடம். முட்டிக்குள் அறுந்த ஜவ்வுக்குப் பதிலாகப் போட, முட்டிச் சிப்பியின் கீழே இருக்கும் தசைநாரை இரண்டு பக்க எலும்புத் துண்டோடு சேர்த்து எடுக்கும்போது சில சமயம் சிப்பியே விரிசல் விடும். அதைப் பொருத்த எலும்பில் துளை போடும்போது துளையின் பின்சுவர் உடைந்துபோகும். அந்த நேரத்தில் உன்னைக் காப்பாற்றுவது ஸ்கோப் கோர்ஸ் சர்டிபிகேட் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு கேஷுவால்டி தியேட்டரில் பிளேட் வைத்த கைதான்.

ஃபெலோஷிப்புக்கு இடம் தேடும்போது, “இங்கே வருஷத்துக்கு எத்தனை கேஸ்?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது வீண் கேள்வி. போன வருஷம் அங்கே இருந்தவனைத் தனியாகப் பிடித்து, “எத்தனை கேஸில் ஸ்கோப் உன் கையில் இருந்தது? ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் மாதம் அதே நோயாளியை நீ பார்த்தாயா?” என்று கேள். இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். போட்ட ஜவ்வு என்ன ஆனது என்று பார்க்காதவனுக்கு ஆயிரம் கேஸும் ஒரே கேஸ்தான்.

ஃபெலோஷிப் கிடைக்கிறதோ இல்லையோ, இரண்டு இடத்தைப் பார்த்துவிடு. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் 2010 காமன்வெல்த் போட்டியை ஒட்டித் திறந்த விளையாட்டுக் காய மையம் ஒன்று. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில், ஐ.சி.சி. அங்கீகாரத்தோடு பந்துவீச்சு ஆக்‌ஷனைச் சோதித்த ஆய்வுக்கூடம் இன்னொன்று. வேகப்பந்து வீச்சாளன் முன்காலை ஊன்றும் அந்த நொடியில் தரை அவனை எவ்வளவு பலமாகத் திருப்பி அடிக்கிறது என்று கேமராவிலும், மிதிக்கும் விசையை அளக்கும் தரைத்தட்டிலும் பார்த்தால், முட்டியைப் பற்றிய நினைப்பே மாறிவிடும். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் 2021 ஏப்ரலில் ஐ.பி.எல். நடுவே விலகி முட்டி ஆபரேஷன் செய்துகொண்டது நினைவிருக்கும். யார்க்கர் என்று நாம் கைதட்டுவதெல்லாம் முட்டி கட்டுகிற கப்பம்.

கடலை பொறுக்கிக் கற்ற வித்தை

ஸ்கோப் என்பது நாலு மில்லிமீட்டர் தடிமன் உள்ள குழாய். அதன் கண் நேரே பார்க்காது, 30 டிகிரி சாய்ந்து பார்க்கும். குழாயை அசைக்காமல் லைட் கேபிளை மட்டும் திருப்பினால் காட்சி மாறும். இடது கையில் அது, வலது கையில் கருவி, கண் இரண்டும் திரையில். கருவி நுனி திரைக்குள் வந்து நிற்க வேண்டும். முதல் மூன்று மாதம் அது எங்கேயோ போய்க் குத்திக்கொண்டு நிற்கும். சீஃப் திட்டுவார். திட்டத்தான் வேண்டும், அது ஒருத்தரின் குருத்தெலும்பு. ஒரு தடவை கீறினால் கீறினதுதான், பழையபடி முளைக்காது.

நான் பழகியது செருப்புப் பெட்டியில். இரண்டு ஓட்டை, உள்ளே ஒரு பழைய வெப்கேமரா, ஒரு பல்பு. நீளமான ஃபோர்செப்ஸால் ஒரு மூலையில் கிடக்கும் வேர்க்கடலையை எடுத்து மறுமூலைக் கிண்ணத்தில் போட வேண்டும். ஹாஸ்டலில் தினமும் நூறு கடலை. போட்டது போக மிச்சத்தைத் தின்றுவிடலாம், எங்கள் ஊர்க்காரனுக்கு வேறென்ன வேண்டும். அது கை வந்தபிறகு கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுக்கால் மூட்டு வாங்கி வந்து தையல் பழகினேன். மெஸ் அக்காவுக்கு அதை அடுப்பில் ஏற்றக் கொடுக்கவில்லை என்று கடைசிவரை வருத்தம்.

முட்டிக்குள் முதன்முதலில் குழாய் விட்டுப் பார்த்தது டோக்கியோவின் கென்ஜி தகாகி, 1918-இல். அதுவும் சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை எடுத்து ஒரு பிணத்தின் முட்டிக்குள் விட்டார். காசநோய் முட்டியை விறைக்கவைத்த காலம், அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் கவலை. ஆட்டக்காரனைப் பற்றி அவர் நினைத்திருக்கக்கூட மாட்டார்.

ஸ்கேனுக்கு முன்னால் கை

தொடை எலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் முட்டிக்குள் பிணைக்கும் முன்பக்கக் குறுக்கு ஜவ்வுதான் (ஏ.சி.எல்.) நம் தொழிலின் பாதி. ஆட்டக்காரன் சொல்லும் கதையிலேயே அது அறுந்தது தெரிந்துவிடும். “யாரும் இடிக்கல சார். திரும்பினேன், ‘டப்’னு ஒரு சத்தம். ஒரு மணி நேரத்துல பானை மாதிரி வீங்கிடுச்சு.” இரண்டு மணி நேரத்துக்குள் வீங்கினால் உள்ளே ரத்தம் என்று எடுத்துக்கொள். மறுநாள் வீங்கினால் வேறு கதை.

பிறகு கை வைத்துப் பார். முட்டியை 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறுகையால் கெண்டைக்காலை முன்னால் இழுக்க வேண்டும். லாக்மேன் சோதனை என்று எம்.பி.பி.எஸ்.ஸிலேயே மனப்பாடம் செய்திருப்பாய். எவ்வளவு முன்னால் வருகிறது என்று மட்டும் பார்க்காதே. கடைசியில் ‘டக்’கென்று நிற்கிறதா, ‘கொழகொழ’வென்று போய்க்கொண்டே இருக்கிறதா என்பதை விரல் சொல்ல வேண்டும். நல்ல காலை முதலில் சோதி. சில பேருக்குப் பிறவியிலேயே மூட்டு இளகி இருக்கும், ஒப்பிடாமல் போனால் ஏமாந்துவிடுவாய். மைதானத்தில் அடிபட்ட அடுத்த ஐந்து நிமிடம் தங்கம். வீக்கமும் தசையின் இறுக்கமும் வருவதற்கு முன்னால் பார்த்தால் உண்மை தெரியும். அரை மணி கழித்துப் பார்த்தால் பின்தொடைத் தசை காலை விடவே விடாது.

இந்த ஐந்து நிமிடம் வேண்டுமென்றால் மைதானத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், பி.ஜி. முடித்த கையோடு ஏதாவது ஒரு மாவட்டப் போட்டிக்குச் சம்பளம் இல்லாமல் போ. ஐஸ் பெட்டி, ஸ்ட்ரெச்சர், முட்டியை அசையாமல் கட்ட ஒரு பிரேஸ், ஊன்றுகோல் ஒரு ஜோடி. கபடி நடப்பது பெரும்பாலும் ஊர்த் திருவிழா ராத்திரியில், ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில். ஒன்பது மணிக்குத் தொடங்குவதாகச் சொல்லிப் பதினொன்றுக்குத் தொடங்கும். கொசுவத்தி கொண்டு போ.

நீ போகாவிட்டால் அந்தப் பையனை முதலில் பார்ப்பது கட்டுப் போடுகிறவர்தான். புத்தூர்க் கட்டு என்று போர்டு இல்லாத ஊர் உண்டா? ஆறு வாரம் கட்டி வைப்பார், வீக்கம் வடியும், பையன் குணமாகிவிட்டதாக நினைத்து மறுபடி இறங்குவான், மறுபடி முட்டி நழுவும். ஒவ்வொரு நழுவலுக்கும் உள்ளே எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வாஷர் (மெனிஸ்கஸ்) கொஞ்சம் கிழியும். என்னிடம் வரும்போது ஜவ்வு மட்டும் போயிருக்காது. கட்டுக்காரரைத் திட்டிப் பயனில்லை. நான் இரண்டு பேரோடு சிநேகம் பிடித்து, “எலும்பை நீங்க பாருங்கண்ணே, ஒரு மணி நேரத்துல வீங்கின முட்டிய மட்டும் எனக்கு அனுப்புங்க” என்று சொல்லி வைத்திருக்கிறேன். அனுப்புகிறார்கள்.

ஆட்டத்தைப் படி

ஜவ்வு அறுந்தால் தைத்து ஒட்டவைப்பது பெரும்பாலும் நிற்காது. உடம்பின் வேறு இடத்திலிருந்து தசைநார் எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். எங்கிருந்து எடுப்பது? பரீட்சையில் மூன்று விடை எழுதலாம். ஓ.பி.யில் ஆட்டத்தைக் கேட்காமல் விடை கிடையாது.

பின்தொடையிலிருந்து எடுத்தால் தழும்பு சின்னது, வலி குறைவு. ஆனால் காலை முழுக்க மடக்கி இழுக்கும் பலம் கொஞ்சம் குறையும். நூறு மீட்டர் ஓடுகிறவனுக்கு அது ஒத்துவராது. முட்டிச் சிப்பியின் கீழிருந்து எடுத்தால் எலும்போடு எலும்பு சேர்ந்து கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் மண்டியிடும்போது வலிக்கும். மல்யுத்தக்காரனும் கபடியில் டிஃபெண்டரும் பாதி ஆட்டத்தை மண்டியிட்டுத்தான் ஆடுகிறார்கள். அவர்களுக்கு இப்போது நான் பெரும்பாலும் தொடையின் முன்பக்கத் தசைநாரை எடுக்கிறேன். இது என் வழக்கம், வேறு சர்ஜன் வேறு மாதிரி சொல்வார், சண்டை போடத் தயார்.

கபடியில் ரைடருக்கு முப்பது நொடி. கோட்டைத் தொடத் திரும்பும்போது ஒருவன் கணுக்காலைப் பிடிக்கிறான். பாதம் தரையில் ஆணி அறைந்தது மாதிரி நிற்கிறது, உடம்பு மட்டும் சுழல்கிறது. மண்ணில் ஆடினால் பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட் விரிப்பின் மேல் ஷூ போட்டு ஆடினால் அந்த வழுக்கலும் கிடையாது. இப்படிச் சுழன்று அறுபடும் முட்டிக்கு, அதுவும் சின்ன வயதுப் பையன் என்றால், உள்ளே போடும் ஜவ்வோடு வெளிப்பக்கத்திலும் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டலாம். 14 முதல் 25 வயது வரை உள்ள 618 பேரை வைத்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு வருஷத்துக்குள் புது ஜவ்வு அறுந்தது 11 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. அதைப் படித்தபிறகு ரைடர்களுக்கு நான் அதைச் சேர்த்தே செய்கிறேன்.

வாஷர் விஷயம் இன்னும் சங்கடம். கிழிந்த துண்டை வெட்டி எடுத்தால் ஐந்தாறு வாரத்தில் ஆடலாம். தைத்தால் நாலு முதல் ஆறு மாதம். ஓரத்தில், ரத்த ஓட்டம் உள்ள இடத்தில் கிழிந்திருந்தால் தைப்பதுதான் நியாயம். வெட்டினால் முப்பத்தைந்து வயதில் தேய்மானத்தோடு வருவான். அந்த வயதில் அவனுக்கு ஆட்டமும் இருக்காது, முட்டியும் இருக்காது. ஆனால் சீசன் அடுத்த மாதம், ஒப்பந்தத் தொகை கையில் வரவில்லை, தங்கச்சி கல்யாணம். “வெட்டிடுங்க சார்” என்பான். இரண்டையும் பேப்பரில் வரைந்து காட்டு. அவன் மட்டும் தனியாக இருக்கும்போது பேசு, மேனேஜரை வெளியே உட்காரச் சொல். ஒரு ராத்திரி யோசிக்கவிட்டு மறுநாள் கேள். அதற்குப் பிறகும் வெட்டச் சொன்னால் அது அவன் கால், அவன் முடிவு. ஓரக் கிழிசலை வெட்ட மாட்டேன் என்று நான் மறுத்த கேஸ்களும் உண்டு.

அந்தப் பையன்

இருபத்திரண்டு வயசு, ரைடர், அப்பா இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலைக்குத் தேர்வுப் போட்டி. நம் ஊர்க் கபடிப் பையனுக்கு ரயில்வேயோ போலீஸோ வங்கியோ, அந்த வேலைதான் கோப்பை. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஆறாவது மாதம் வந்தான். வீக்கம் இல்லை, வலி இல்லை, என் கையால் இழுத்துப் பார்த்தேன், ‘டக்’கென்று நின்றது. தேர்வு இன்னும் மூன்று வாரத்தில். அவன் அம்மா, “ஐயா, ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் சொன்னேன். தேர்வில் இரண்டாவது ரைடிலேயே அறுந்தது.

தவறு யாருடையது என்று எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கடைசியில் என்னிடமே வந்து நிற்கிறது. ஜவ்வு உறுதியாக இருந்ததைப் பார்த்தேன், தொடையை அளக்கவில்லை. ஆபரேஷன் ஆன காலின் தொடைத் தசைக்கு அப்போது எழுபது சதவீதப் பலம்கூட இருந்திருக்காது. மறுபடி ஆபரேஷன் செய்தேன், காசு வாங்கவில்லை. அவன் திரும்பக் கபடி ஆடவில்லை. இப்போது வேன் ஓட்டுகிறான். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறான்.

அடுத்த வருஷமோ என்னமோ, 2016-இல் வந்த, நார்வேயின் ஓஸ்லோவும் அமெரிக்காவின் டெலவேரும் சேர்ந்து செய்த ஆய்வு கண்ணில் பட்டது. ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயம்படும் விகிதம் பாதியாகக் குறைகிறது. இதைப் பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். நோயாளிக்காக இல்லை.

இப்போது என் வழி இதுதான். ஒன்பது மாதம் ஆகாமல் போட்டி கிடையாது. ஒன்பது ஆனாலும் சோதனை தேறாமல் கிடையாது. தொடைப் பலத்தை மெஷினில் அளக்க வேண்டும். மெஷின் இல்லாத ஊரில் லெக் பிரஸ்ஸில் ஒரு காலால் அதிகபட்சம் எவ்வளவு தள்ளுகிறான் என்று பார். ஒற்றைக் காலில் ஒரு தாவல், மூன்று தாவல், கோட்டைக் குறுக்கே தாண்டித் தாண்டி ஒன்று. அடிபட்ட கால் நல்ல காலின் தொண்ணூறு சதவீதத்தைத் தொட வேண்டும். இதில் ஒரு கள்ளத்தனம் உண்டு. ஒன்பது மாதம் சும்மா இருந்ததில் நல்ல காலும் மெலிந்திருக்கும், மெலிந்ததோடு ஒப்பிட்டால் எல்லாரும் பாஸ். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே நல்ல காலை அளந்து எழுதி வை.

கடைசியாகப் பயம். பன்னிரண்டு கேள்வி கொண்ட ஒரு தாள் இருக்கிறது, மனசு தயாரா என்று பார்க்க. நான் அதைக் கையில் கொடுப்பதில்லை, பேச்சுவாக்கில் கேட்கிறேன். “ரைடு போறப்ப முட்டி நெனப்பு வருதா?” பையன்கள் இல்லை என்பார்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் ஆமாம் என்பார்கள். ஆகவே பிசியோவை உன் ஆளாக வைத்துக்கொள், உனக்குக் கீழே வேலை பார்க்கும் ஆளாக நினைக்காதே. நான் அவனைப் பார்ப்பது மாதம் பத்து நிமிடம், அவர் வாரம் மூன்று நாள்.

யூடியூப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கும் பதில் வைத்திரு. “ஃபுட்பால் ஸ்டார் ஸ்லாட்டான் இப்ராஹிமோவிச் ஏழு மாசத்துல வந்தாரே சார்?” வந்தார். 2017 ஏப்ரலில் அடிபட்டு, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் முட்டி சர்ஜன் ஃப்ரெடி ஃபூவிடம் ஆபரேஷன் செய்துகொண்டு, நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு இறங்கினார். “உனக்கும் அந்த மாதிரி நாள் முழுக்கக் கூடவே இருந்து பார்க்க ஆள் இருக்கா தம்பி? ரிஷப் பந்த் கதையையும் பாரு. 2022 டிசம்பர் 30-இல் கார் விபத்து, 2024 மார்ச்சில்தான் ஐ.பி.எல்.லுக்கு வந்தார், பதினைந்து மாசம்.” பெரும்பாலும் இதற்கு மேல் பேச்சு இருக்காது.

மருந்துச் சீட்டு, செல்ஃபி, சம்பளம்

ஆட்டக்காரனுக்குச் சீட்டு எழுதும் முன் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலைத் திறந்து பார். நாம் கைப்பழக்கத்தில் எழுதும் வலி மருந்தான டிராமடால் 2024 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடை. முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. உடம்பை விட்டு நீங்க எத்தனை நாள் ஆகும் என்பது மருந்தைப் பொறுத்து மாறும். உன் ஒரு சீட்டில் அவன் வருஷக்கணக்கில் வெளியே உட்காரலாம். விதிவிலக்கு வேண்டுமென்றால் முறையாக விண்ணப்பித்துச் செய், போனில் ‘பரவாயில்ல’ என்று சொல்லாதே.

பில் கட்டுவது டீமாக இருக்கலாம், நோயாளி அவன்தான். ஸ்கேனில் என்ன இருக்கிறது என்று ஓனர் கேட்டாலும், பயிற்சியாளர் கேட்டாலும், நிருபர் கேட்டாலும், அவன் எழுத்தில் சம்மதம் தராமல் வாய் திறக்காதே. ஆஸ்பத்திரி மார்க்கெட்டிங் ஆள் கட்டிலோரம் செல்ஃபி கேட்பார். மருத்துவர் விளம்பரம் தேடக்கூடாது என்று 2002 நெறிமுறை விதி சொல்கிறது, அதைக் காட்டித் தப்பிக்கலாம்.

சம்பளத்தைப் பற்றி ஒரே வரி: ஆட்டக்காரர்கள் பெயர் தருவார்கள், வீட்டு வாடகை தருவது பைக்கிலிருந்து விழுந்தவர்களும் மாடிப்படி ஏற முடியாத அம்மாக்களும்தான். அவர்களையும் அதே கவனத்தோடு பார்.

அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதிலை அப்படியே தருகிறேன், வேண்டுமானால் உன் பாஷையில் மாற்றிக்கொள். “தேதி நான் சொல்ல மாட்டேன் தம்பி, உன் தொடை சொல்லும். ஒன்பது மாசத்துக்கு முன்னாடி கண்டிப்பா கிடையாது. மூணாவது மாசம் நேரா ஓடலாம், ஆறாவது மாசம் திரும்பி ஓடிப் பழகலாம், ஒன்பதாவது மாசம் டெஸ்ட் வச்சிப் பாப்போம்.” காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டாதே, அந்த வட்டத்தை அவன் வீடு முழுக்கப் பிடித்துக்கொள்ளும். தலையாட்டிக் கேட்டுக்கொள்வான். ஸ்கேன் கவரை எடுத்துக்கொண்டு கதவு வரை போவான். அங்கே நின்று திரும்புவான்.

“சரி சார். சும்மா ஒரு சுமாரா, எப்போ?”